தன்னம்பிக்கைக்கு ஓர் அளவுகோல்: தில்லித் தொடக்கப்பள்ளிகளும் கணித, அறிவியல் கற்றலும்

ஒரு குழந்தைக்கு வகுத்தல் கணக்கு தெரிகிறதா என்று அறிவது ஒன்று. அந்தக் கணக்கைத் தன்னால் போட முடியும் என்று அக்குழந்தை நம்புகிறதா என்று அறிவது வேறொன்று. சுதந்திர இந்தியாவில் முதலாவதை அளப்பதற்கான கருவிகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் தில்லியில் உருவாகி, அங்கிருந்தே நாடெங்கும் சென்றன. இரண்டாவதும் அதே நகரத்தில்தான் பேசப்பட்டது. ஆனால் அது முதலில் ஆசிரியர் குழந்தையைப் பற்றி எழுதும் குறிப்பாகவும், பிறகு வளர்ந்த மாணவர்களுக்கான வினாத்தாளாகவும் இருந்து, மிகவும் பிந்தியே குழந்தை தன்னைப் பற்றித் தானே தரும் பதிலாக வடிவம் பெற்றது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. யாரை மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுப்பது, யாரை நிறுத்திவைப்பது என்ற கேள்வியிலிருந்தே இந்திய மதிப்பீட்டு முறைகள் பிறந்தன. அந்தக் கேள்விக்குத் தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மனம் தேவைப்படவில்லை.

ஆய்வாளர்கள் இங்கே பேசும் தன்னம்பிக்கை, அன்றாட வழக்கில் நாம் சொல்லும் பொதுவான துணிவு அன்று. மேடையில் தயங்காமல் பாடும் சிறுமி பின்னக் கணக்கைக் கண்டதும் ஒடுங்கிப்போகலாம். ஆகவே அது பாடத்தையும் பணியையும் சார்ந்து மாறுவது. குறிப்பிட்ட ஒரு பணியைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்ற கணிப்பை ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தனியொரு கருத்தாக வரையறுத்தார். அதைச் செயல்திறன் நம்பிக்கை எனலாம். ‘நான் கணக்கில் கெட்டிக்காரன்’ என்பதுபோல் ஒரு பாடத்தை முன்னிட்டுத் தன்னைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் நிலையான எண்ணம் தற்கருத்து எனப்படும். இரண்டையும் அளப்பதற்குக் கைகொடுத்தது ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த முறையாகும்: ஒரு கூற்றைத் தந்து, அதை முழுவதும் ஏற்பதிலிருந்து முழுவதும் மறுப்பதுவரை உள்ள படிகளில் ஒன்றைக் குறிக்கச் செய்வது. எலிசபெத் ஃபென்னமாவும் ஜூலியா ஷெர்மனும் 1976இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஒன்பது கணித மனப்பாங்கு அளவுகோல்களுள் ஒன்று, கணிதம் கற்பதிலுள்ள தன்னம்பிக்கைக்கு மட்டுமே உரியது. பன்னிரண்டு கூற்றுகளைக் கொண்ட அந்த அளவுகோல் பல நாடுகளின் பிற்கால ஆய்வுகளுக்கு மூலமாயிற்று. அது உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக எழுதப்பட்டது என்பது இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

தில்லியில் இத்தகைய அளவீட்டின் முன்கதை சென்னையோடு தொடர்புடையது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953இல் அளித்த அறிக்கை, ஒரே ஓர் இறுதித்தேர்வைக் கொண்டு மாணவரை எடைபோடுவதைக் கண்டித்து, ஆண்டுதோறும் தொடர்ந்து எழுதப்படும் திரள் பதிவேட்டைப் பரிந்துரைத்தது. மதிப்பெண்ணோடு முன்முயற்சி, விடாமுயற்சி, தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை போன்ற பண்புகளையும் ஆசிரியர் தரநிலையிட்டுக் குறிப்பது இத்தகைய பதிவேடுகளின் வழக்கம். அடுத்த ஆண்டே கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்தியப் பணியகம் தில்லியில் தொடங்கப்பட்டது. 1958இல் மத்தியத் தேர்வு அலகு உருவானது. அதையொட்டிய காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். இவை அனைத்தும் இடைநிலைப் பள்ளியை நோக்கியவை. புளூமின் குழு அறிவுசார் நோக்கங்களை வகைப்படுத்திய நூலை 1956இல் வெளியிட்டது. உணர்வு, விருப்பம், மனப்பாங்கு ஆகியவற்றை வகைப்படுத்தும் இரண்டாம் நூல் 1964இல்தான் வந்தது. இந்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் முதல் நூலை மனப்பாடமாகவே கற்பித்தன, இரண்டாவதைப் பெயரளவில் குறிப்பிட்டன என்றால் அது மிகையாகாது.

ஏழு மத்திய நிறுவனங்களை ஒன்றிணைத்து 1961 செப்டம்பரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) தில்லியில் நிறுவப்பட்டபோது, அறிவியல் கல்விக்குப் பெரும் வேகம் கிடைத்தது. ஆனால் குழுமம் தொடக்க ஆண்டுகளில் மேற்கொண்ட புகழ்பெற்ற அளவீடு எது என்று பார்த்தால் அதன் நோக்கு விளங்கும். 1963இல் தில்லியில் மட்டும் சோதனை முறையில், பதினோராம் வகுப்பு மாணவருக்குப் பத்தே உதவித்தொகைகளுடன் தொடங்கிய அறிவியல் திறனறித் தேர்வு, மறு ஆண்டில் 350 உதவித்தொகைகளோடு நாடு முழுவதற்கும் விரிந்தது. விஞ்ஞானியாகக்கூடிய சிலரைக் கண்டெடுப்பதே அதன் பணி. எஞ்சிய மாணவர்கள் அறிவியலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அதன் வரம்புக்கு வெளியே இருந்தது. தில்லிப் பல்கலைக்கழக இயற்பியலாளர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966இல், பள்ளியின் முதல் பத்தாண்டுகளில் கணிதமும் அறிவியலும் எல்லாருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்ததும் நிலைமையின் தன்மையே மாறிற்று. விரும்பியவர் படித்த பாடம் எல்லாரும் படிக்க வேண்டிய பாடமானால், தன்னால் முடியாது என்று ஒதுங்கும் குழந்தைக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. அந்தக் குழந்தையை அறிந்துகொள்ளும் கருவியை உருவாக்கும் பொறுப்பு அப்பரிந்துரையிலேயே அடங்கியிருந்தது. அந்தப் பொறுப்பை எவரும் உடனே ஏற்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

முதல் வாய்ப்பு வெளியிலிருந்து வந்தது. கல்வி அடைவை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பன்னாட்டுச் சங்கம் (ஐ.இ.ஏ.) 1970-71ஆம் ஆண்டுகளில் நடத்திய அறிவியல் ஆய்வில் சிலி, ஈரான், தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் சேர்ந்தது, வளரும் நாடுகள் என்று அதில் இருந்தவை இந்த நான்கே. இந்தியாவின் சார்பில் என்.சி.இ.ஆர்.டி. பொறுப்பேற்க, இந்தி பேசும் பகுதிகளின் பள்ளிகள் அதில் இடம்பெற்றன. பத்து வயது, பதினான்கு வயது, பள்ளி இறுதியாண்டு என்று மூன்று நிலைகளில் நடந்த இந்த ஆய்வு, அறிவியல் வினாக்களோடு அறிவியல்மீதான ஆர்வத்தையும் பள்ளியைப் பற்றிய மனநிலையையும் கேட்டது. தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தையிடம் தேசிய நிறுவனம் ஒன்று அறிவியலைப் பற்றிய அதன் உணர்வைக் கேட்டுப் பதிவுசெய்த முதல் பெரிய முயற்சிகளுள் இதைச் சேர்க்கலாம். குழுமத்தின் இந்திய அறிக்கை 1974இல் வெளிவந்தது. அடைவில் இந்தியாவின் இடம் கீழே இருந்ததே பேச்சாயிற்று. மனப்பாங்குப் பகுதி தொடர்ந்து வளர்க்கப்படவில்லை. அதே சங்கம் 1995இல் தொடங்கிய ‘டிம்ஸ்’, நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் கணிதத்திலும் அறிவியலிலும் அவர்களுடைய தன்னம்பிக்கையைத் தனித்தனியே கேட்கும் பன்னாட்டு ஆய்வாக வளர்ந்தபோது, இந்தியா அதில் இல்லை. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று, 2011 இறுதியில் முடிவு வெளியான ‘பிசா’ என்னும் பன்னாட்டு ஆய்வோ பதினைந்து வயதினருக்கானது.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் கல்வியியல் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும்தான். அவர்களுக்கான ஆயத்த அளவுகோல்கள் பெரும்பாலும் ஆக்ராவிலிருந்து வந்தன. உளவியல் சோதனைகளை அச்சிட்டு விற்கும் பதிப்பகங்கள் நிறைந்த நகரம் அது. ரேகா அக்னிஹோத்ரி 1987இல் இந்தியில் உருவாக்கிய தன்னம்பிக்கைப் பட்டியல் அவற்றுள் மிகப் பரவலாகப் பயன்பட்டது. ஐம்பத்தாறு கூற்றுகள், ஆம் அல்லது இல்லை என்ற பதில், குறைந்த மதிப்பெண் பெற்றால் மிகுந்த தன்னம்பிக்கை என்று பொருள் கொள்ளும் முறை ஆகியவற்றைக் கொண்ட இப்பட்டியல் வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. கணிதத்துக்கோ அறிவியலுக்கோ உரியதன்று. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கென்று, இரண்டு பாடங்களுக்கும் தனித்தனியாக, இந்திய மொழி ஒன்றில் சோதித்துத் திருத்தப்பட்டுப் பரவலாகப் பயன்பட்ட அளவுகோல் அக்காலத்தில் இல்லாதது ஆய்வாளரின் அக்கறையின்மையால் மட்டும் நேர்ந்ததன்று. சிறு குழந்தையிடம் இதைக் கேட்பதே கடினம்.

அந்தக் கடினத்தைச் சற்று விரிவாகக் காண வேண்டும். ஆறு, ஏழு வயதுக் குழந்தை முயற்சியையும் திறமையையும் வேறுவேறாகக் காண்பதில்லை என்றும், கடினமாக உழைத்தவரே கெட்டிக்காரர் என்று கருதுகிறது என்றும், இரண்டும் தெளிவாகப் பிரிவது பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் என்றும் ஜான் நிக்கல்ஸ் 1970களின் இறுதியில் காட்டினார். எனவே இரண்டாம் வகுப்பில் பெரும்பாலோர் தம்மைக் கெட்டிக்காரர் என்றே சொல்வார்கள். அது பொய்யன்று, அவ்வயதின் அறிவு. மேலும், ஐந்து படிகளைக் கொண்ட அளவுகோலைத் தந்தால் சிறு குழந்தைகள் நடுவிலுள்ள படிகளை விட்டு இரு முனைகளுக்கே செல்கிறார்கள். எதிர்மறையாக அமைந்த கூற்றை மறுப்பது எவ்வாறு என்பதில் குழம்புகிறார்கள். ஆசிரியர் எதிரில் நின்றால் அவருக்கு உவப்பான பதிலையே தருகிறார்கள். சூசன் ஹார்ட்டர் 1982இல் இதற்கு ஒரு வழி கண்டார். சில பிள்ளைகள் இப்படி, வேறு சில பிள்ளைகள் அப்படி என்று இருவகைப் பிள்ளைகளையும் சமமாக முன்வைத்து, நீ யாரைப் போன்ற பிள்ளை என்று கேட்பது அவருடைய முறை. எந்தப் பதிலும் வெட்கத்துக்குரியதன்று என்று குழந்தைக்கு அது உணர்த்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, படிக்கத் தெரியாத குழந்தைகளுக்காக இதே முறை படங்களாகவும் வந்தது.

தில்லியில் இதனோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசி, பள்ளியில் இந்தி கற்கும் குழந்தையும், 1923இல் மதராசி கல்விச் சங்கமாகத் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றில் படிக்கும் தமிழ்க் குழந்தையும், ஒரே இந்தி வினாத்தாளை ஒரேபோல் புரிந்துகொள்வார்கள் என்று கொள்ள முடியாது. கணக்கு வராததால் தயங்குகிறதா, வாக்கியம் புரியாததால் தயங்குகிறதா என்று பிரித்தறியாத அளவுகோல் தன்னம்பிக்கையை அளக்கவில்லை, வாசிப்பையே அளக்கிறது.

1990களிலும் மைய அரசின் கவனம், குழந்தைக்குக் கணக்கு தெரிகிறதா என்ற முதல் கேள்வியிலேயே நின்றது. ஆர்.எச். தவே தலைமையிலான குழு 1991இல் வகுத்த குறைந்தபட்சக் கற்றல் நிலைகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றில் குழந்தை பெற வேண்டிய திறன்களை வரிசைப்படுத்தின. இரண்டே ஆண்டுகளில், கற்றல் சுமையை ஆராய்ந்த யஷ் பால் குழு, புத்தகப் பையின் எடையைக் காட்டிலும் புரியாமையின் சுமையே பெரிது என்று எடுத்துக்காட்டியது. இவ்விரு ஆவணங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒன்று எதைக் கணக்கிட வேண்டும் என்றும், மற்றது கணக்கிடாமல் விட்டது எது என்றும் பேசுவதாகத் தோன்றும். பாடம் சார்ந்த அச்சத்தை ஒரு தேசிய ஆவணம் நேராகப் பெயரிட்டுச் சொன்னது 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டித்தான். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கற்பித்தல் குழு, பள்ளிக் கணிதத்தின் முதன்மையான சிக்கல்களில் முதலாவதாகவே, பெரும்பாலான குழந்தைகளிடம் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையும் வைத்தது. மேலோட்டமான தேர்வுமுறை அந்த அச்சத்தை வளர்க்கிறது என்றும் சொன்னது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் அனிதா ராம்பால் வழிநடத்திய குழு இதையொட்டி உருவாக்கிய தொடக்கநிலைக் கணித நூல்கள், மீனவர், பழைய சாமான் வாங்கி விற்கும் பெண் போன்றோரின் வேலைக்குள் இருக்கும் கணக்கைப் பாடமாக்கின. தன் வீட்டுத் தொழிலில் கணக்கு இருக்கிறது என்று அறியும் குழந்தைக்குக் கணிதம் அந்நியமாகத் தோன்றாது என்ற நம்பிக்கை அந்நூல்களின் அடித்தளம். அது மதிக்கத்தக்க நம்பிக்கை. எனினும் அந்நூல்களைப் படித்த குழந்தைகளின் அச்சம் உண்மையில் குறைந்ததா என்று ஆண்டுக்காண்டு காட்டும் தேசிய அளவீடு எதுவும் உடன் அமைக்கப்படவில்லை.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தன் 29ஆம் பிரிவில், குழந்தை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுபட்டுத் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவுவதைக் கலைத்திட்டத்தின் கடமைகளுள் ஒன்றாக்கியது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அதே பிரிவில் இடம்பெற்றது. முழுமையான என்ற சொல் பாடம் சாராப் பண்புகளையும் உள்ளடக்கியதால், உணர்வுத் திறன்களுக்கும் மனப்பாங்குகளுக்கும் தரநிலை இடும் படிவங்கள் பள்ளிகளுக்கு வந்தன. முதலியார் குழுவின் பதிவேடு அரை நூற்றாண்டுக்குப் பிறகு புதிய பெயரில் திரும்பியதாகவே இதைக் கருத வேண்டும்: குழந்தையின் நம்பிக்கையை எழுதும் பேனா இம்முறையும் ஆசிரியர் கையில்தான் இருந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கைவிட்டது. தமிழ்நாட்டில் எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் வேறொரு போக்கு இருந்தது. ஏணிப்படியாக வரிசைப்படுத்திய அட்டைகளில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதைக் குழந்தையே கண்டு அடுத்ததை எடுத்தது. அதை ஓர் அளவீடு என்று எவரும் அழைக்கவில்லை, ஆயினும் தன் முன்னேற்றத்தைத் தானே பார்க்கும் வாய்ப்பு அதில் இருந்தது.

தில்லி அரசின் சொந்த முயற்சிகளைப் புரிந்துகொள்ள அந்நகரின் பள்ளி அமைப்பை அறிய வேண்டும். ஐந்தாம் வகுப்புவரையுள்ள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாநகராட்சியிடமும், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவை தில்லி அரசின் கல்வி இயக்ககத்திடமும் உள்ளன. இதனால் தன்னால் முடியாது என்ற எண்ணம் ஓர் அமைப்பில் உருவாகி, மற்றோர் அமைப்பில் கண்டுபிடிக்கப்படுகிறது. 2016இல் தில்லி அரசு தொடங்கிய ‘சுனௌத்தி’ திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து மாணவரை வாசிப்பு நிலைப்படி பிரித்தது. திரும்பத் திரும்பத் தோற்ற ஒன்பதாம் வகுப்பினரின் பிரிவுக்கு ‘விஷ்வாஸ்’ என்று பெயரிட்டார்கள். பெயரில் நம்பிக்கை இருந்தாலும் சேர்க்கைக்கு அடிப்படை தோல்வியே. ஒரு குழந்தை தன்னைத் தன் வகுப்பிலுள்ளோரோடு ஒப்பிட்டே தன் திறமையைக் கணிக்கிறது என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலேயே காட்டியிருந்தார். அந்த நிலையில், பிரிக்கப்பட்டவர்களின் தற்கருத்து என்னவாயிற்று என்பதும் திட்டத்தோடு சேர்த்து ஆராய்ந்திருக்க வேண்டிய கேள்வி. 2018இல் மாநகராட்சிப் பள்ளிகளையும் சேர்த்து மூன்றாம் வகுப்பு முதல் நடந்த ‘புனியாத்’ இயக்கமும் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் அளந்தது. அதே ஆண்டு ஜூலையில் தலாய் லாமா முன்னிலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம், மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை தேர்வில்லாத ஒரு பாடவேளையைத் தந்தது. அதன் பயனை அறிய, புரூக்கிங்ஸ் நிறுவனமும் ‘ட்ரீம் எ ட்ரீம்’ அமைப்பும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரிய அளவீடுகளை உருவாக்கின. மனநிலையை அளக்கும் கருவி ஒன்றைத் தில்லிப் பள்ளிகளுக்கென்றே வடித்த அரிய நிகழ்வு இது. ஆனால் அது கணித வகுப்போடும் அறிவியல் வகுப்போடும் இணைக்கப்படாத தனிப் பாடவேளைக்கு உரியதாக நின்றது.

தன்னம்பிக்கையைத் தனியாக அளப்பதால் மட்டும் பயனில்லை என்பதற்குத் தில்லிக் குழந்தைகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் சான்றாகின்றன, அவை தன்னம்பிக்கையை அளக்கப் புறப்படாதவை என்றபோதும். ‘பிரதம்’ அமைப்பின் தில்லி மழலையர் பள்ளிகளில் ஐந்து வயதை ஒட்டிய 1,540 குழந்தைகளிடம் மொய்ரா தில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணும் வடிவமும் சார்ந்த விளையாட்டுகள் குழந்தையின் இயல்பான கணித உணர்வை நீடித்து வளர்த்தன என்றும், பள்ளியில் கற்கும் முறைசார் கணிதத்தில் அந்த வளர்ச்சி தெரியவில்லை என்றும் கண்டது. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளையும் பள்ளி மாணவர் 471 பேரையும் ஒப்பிட்டது. பல பொருள்களின் விலையைக் கூட்டிப் பெருக்கி மீதிச் சில்லறையை மனக்கணக்கிலேயே சொல்லும் குழந்தைகள் பாடநூல் வடிவக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் குழந்தைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். கடையில் தயங்காத அதே குழந்தை கரும்பலகையின் முன் தயங்குமானால், ‘உனக்குக் கணக்கு வருமா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு அது தரும் பதில் எந்தக் கணக்கைப் பற்றியது? எந்தப் பணி, எந்த இடம் என்று குறிப்பிடாத வினா இங்கே பொருளற்றதாகிவிடுகிறது.

பன்னாட்டு அனுபவமும் எச்சரிக்கிறது. ‘டிம்ஸ்’ முடிவுகளில், ஒரு நாட்டுக்குள் தன்னம்பிக்கை மிகுந்த குழந்தைகள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். நாடுகளை ஒப்பிட்டாலோ, முதலிடங்களில் இருக்கும் ஜப்பானியக் குழந்தைகளும் கொரியக் குழந்தைகளும் குறைந்த தன்னம்பிக்கையையே தெரிவிக்கிறார்கள். ஆகவே ஒரு மாநிலத்தின் சராசரி நம்பிக்கையை வேறொரு மாநிலத்தோடு ஒப்பிட்டுத் தரவரிசை இடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

அண்மைக் காலத்தில் அளவீட்டின் பரப்பு மிகப் பெரிதாகிவிட்டது. 2017இல் ஏறத்தாழ 22 இலட்சம், 2021இல் 34 இலட்சம் மாணவர்களைத் தொட்ட தேசிய அடைவு ஆய்வு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளை உள்ளடக்கி, மாணவரிடம் ஒரு பின்னணி வினாத்தாளையும் தந்தது. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.க்குள் அமைந்த ‘பரக்’ என்னும் மதிப்பீட்டு மையம் 2024 டிசம்பர் 4 அன்று நடத்திய ஆய்வு மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு மாறியது. இந்த மாற்றத்தால், ஏற்கெனவே வெளியே இருந்த நான்காம் வகுப்போடு ஐந்தாம் வகுப்பும் தேசிய ஆய்வின் பார்வைக்கு வெளியே சென்றது. முயற்சி வேறு, திறமை வேறு என்று குழந்தை பிரித்துக் காணத் தொடங்கி, வகுப்பிலுள்ளோரோடு ஒப்பிட்டுத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவும் தொடங்கும் ஆண்டுகள் அவையே. அந்த ஆண்டுகளுக்கு இப்போது எஞ்சியிருப்பது, அதே மையம் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரையுள்ள ஆயத்த நிலைக்காக வடிவமைத்த முழுமை முன்னேற்ற அட்டையாகும். அதில் ஆசிரியரின் குறிப்போடு, சக மாணவரின் கருத்துக்கும் குழந்தையின் சொந்தப் பதிலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; அந்தப் பதிலை, குழந்தை அதை எழுதிய வாரத்துக் கணக்கு நோட்டோடு சேர்த்து வாசிக்கும் பயிற்சியை ஆசிரியருக்குத் தருவதும், மாநகராட்சிப் பள்ளியில் நிரப்பப்படும் அட்டை ஆறாம் வகுப்பு ஆசிரியர் கைக்குப் போய்ச் சேருவதும் தில்லியின் இரு கல்வி நிர்வாகங்களையும் சார்ந்த பணிகளாக உள்ளன.